அரித்தெடுத்த வரலாறு: அரிப்பு, மாந்தை, ஆய்வுகூடம்

மன்னார்ப் பெருநிலக் கரையில், அருவி ஆறு கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அரிப்பு. வரைபடத்தில் சின்ன ஊர்தான். வரலாற்றுப் புத்தகங்களில் அதற்கு இரண்டு மூன்று பக்கம் கிடைக்கும். போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறிய கோட்டை. 1679-இல் கண்டி இராச்சியத்திலிருந்து தப்பி அந்தக் கோட்டையை வந்தடைந்த றொபேட் நொக்ஸ். ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801-க்கும் 1804-க்கும் இடையில் கட்டிய டொறிக் மாளிகை. அதற்கெல்லாம் காரணமான முத்துச் சலாபம். இவ்வளவும் எழுதி வைத்தவர்களின் வரலாறு. மூச்சை அடக்கிக் கடலில் இறங்கினவர், அடுப்பு மூட்டிச் சோறாக்கினவர், குளத்துக்கு மண் சுமந்தவர் யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை.

ஆனால் அவர்கள் எதையும் விட்டுச் செல்லவில்லை என்று சொல்ல முடியாது. சாம்பல், உமி, கரிந்த தானியம், சிப்பி ஓடு, குளத்தின் அடிச்சேறு ஆகியவை மண்ணுக்குள் கிடக்கின்றன. கடந்த சில பத்தாண்டுகளில் இந்தக் குப்பையைப் படிக்க ஆய்வுகூடங்கள் பழகிவிட்டன. அந்தக் காலத்தில் என்ன விளைந்தது, மழை எப்படி இருந்தது, காடு எங்கே இருந்தது, வயல் எங்கே இருந்தது என்ற கேள்விகளுக்கு அவை விடை தேடுகின்றன. அந்த விடைகள் மன்னார்க் கரையைப் பற்றி என்ன சொல்கின்றன, அந்தக் கரையோடு பிணைந்த முஸ்லிம்களாகிய நாங்கள் அவற்றை எப்படி வாசிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அரிக்கன் சட்டியும் ஆய்வாளரின் வாளியும்

அரித்தல் என்ற சொல்லை எங்கட வீடுகளில் இரண்டு விதமாகப் பாவிக்கிறோம். கடல் கரையை அரிக்கிறது. உம்மா அரிசியை அரிக்கிறா. அரிப்பு என்ற ஊர்ப்பெயரின் வேர் இதுதான் என்று நான் வாதிட வரவில்லை. ஆனாலும் அந்த ஊரின் தொழில் முழுவதும் அரித்தல்தான். படகில் வந்த சிப்பியைக் கொட்டுக்குள் குவித்து அழுக விட்டு, கழுவி, எஞ்சிய அடிமண்டியை அரித்தே முத்தைப் பொறுக்கினார்கள். பொறுக்கிய முத்துகளைத் தரம் பிரிக்கவும் அரிதட்டுத்தான். 20 துளையுள்ளதில் தொடங்கி 1000 துளையுள்ளது வரை பத்துப் பித்தளைத் தட்டுகள். எதில் தங்குகிறதோ அதுதான் அந்த முத்தின் அளவு.

தொல்பொருள் ஆய்வாளரும் இதையே செய்கிறார். அகழ்ந்தெடுத்த மண்ணைத் தண்ணீரில் கொட்டிக் கலக்குகிறார். கல்லும் ஓடும் அடியில் தங்கும்; கரிந்த விதைகள் இலேசானவை, மிதக்கும். மிதந்ததை மெல்லிய வலையில் வடித்து, நிழலில் உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார். அரிக்கன் சட்டியில் அரிசியைச் சுழற்றிக் கல்லை அடியில் நிறுத்தும் கைவேலையின் இன்னொரு வடிவம் இது. பச்சை விதை மண்ணில் மக்கிப்போகும். நெருப்புப் பட்டுக் கரியானது மக்காது. ஆயிரம் வருஷத்துக்குப் பிறகும் நெல் நெல்லாகவே தெரியும்.

அந்தக் கரியில்தான் காலக்கணக்கும் இருக்கிறது. உயிருள்ள செடி காற்றிலிருந்து காபன் 14 என்ற சமதானியைச் சிறிதளவு எடுத்துக்கொள்கிறது. செத்த பிறகு எடுப்பது நின்றுவிடும். உள்ளே இருப்பது 5,730 வருஷத்துக்குப் பாதி என்ற கணக்கில் குறைந்துகொண்டே போகும். மிச்சத்தை அளந்தால் வயது தெரியும். இந்த வழியைக் கண்டறிந்ததற்காக வில்லார்ட் லிபிக்கு 1960-இல் நோபல் பரிசு கிடைத்தது. மரக்கரியை விடத் தானியக் கரி நம்பகமானது. கூரை உத்திரம் இருநூறு வருஷ மரமாக இருக்கலாம். நெல்மணி ஒரு போகத்து விளைச்சல்.

மாந்தையின் அடுப்படி

அரிப்பிலிருந்து கரையோரமாக வடக்கே போனால், மன்னார்த் தீவுக்கு எதிரே, திருக்கேதீச்சரத்தை ஒட்டி மாந்தை மேடு. மாதோட்டம் என்றும் மகாதித்த என்றும் பழைய நூல்கள் சொல்லும் துறைமுகம் இதுதான். சோழர் காலத்தில் இராசராசபுரம் என்ற பெயரும் இதற்கு இருந்தது. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல், சிரான் தெரணியகல முதலானோர் இங்கே அகழ்ந்தார்கள். போர் வந்தது, வேலை நின்றது. அந்த அகழாய்வின் முழு அறிக்கை நூலாக வெளிவந்தது 2013-இல்தான். ஏறத்தாழ முப்பது வருஷம் மாந்தையின் பெயர் இந்து சமுத்திர வாணிப ஆராய்ச்சியில் உரிய இடத்தைப் பெறாமல் போனதற்கு இது முக்கிய காரணம். போர் மனிதரை மட்டுமல்ல, அவர்களைப் பற்றிய அறிவையும் இடம்பெயர்த்தது.

போர் முடிந்ததும் 2009-2010-இல் மீண்டும் அகழ்ந்தார்கள். இந்த முறை மண்ணை அரித்தார்கள். அதில் கிடைத்த தாவர எச்சங்களை எலினோர் கிங்வெல்-பன்ஹாம், விஜேரத்ன போஹிங்கமுவ, டோரியன் புல்லர் முதலானோர் ஆராய்ந்து 2018-இல் ‘அன்டிகுவிட்டி’ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். அந்தப் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அதிகம் கிடைத்தது நெல். உள்ளூர் மண்ணில் விளைந்தது, அன்றாடச் சோறு. அதோடு கோதுமை, கி.பி. 100-200 அளவில். இந்த வெப்பத்தில் கோதுமை விளையாது. வட இந்தியப் பக்கமிருந்தோ அரபுக் கரை, செங்கடல் பக்கமிருந்தோ மரக்கலத்தில் வந்திருக்க வேண்டும். மிளகு, கி.பி. 600-700 அளவில். திராட்சை விதை, கி.பி. 650-800 அளவில். அதுவும் வெளியிலிருந்து வந்ததுதான். காய்ந்த பழமாக வந்திருக்கலாம். கடைசியாக ஒரு கராம்பு, கி.பி. 900-1100 அளவில். உலகில் அகழ்ந்தெடுத்த மிகப் பழைய கராம்புகளில் ஒன்றாக அதை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் கராம்பு மரம் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டுமே இருந்தது. மாந்தைக்கும் அந்தத் தீவுகளுக்கும் இடையில் சுமார் 7,000 கிலோமீற்றர் கடல். மேற்கே போன சரக்கின் அளவை அறிய எகிப்தின் செங்கடல் துறையான பெரனிக்கேயைப் பார்க்கலாம். அங்கே ஒரே சாடிக்குள் ஏழு கிலோவுக்கு மேல் மிளகு கிடைத்தது.

பொன்னோடு ஒப்பிட்டுப் பேசப்பட்ட சரக்கு யாரோ ஒருவர் கையிலிருந்து தவறி நெருப்பில் விழுந்திருக்கிறது. விழுந்தபடியால்தான் எங்களுக்குக் கிடைத்தது. தவறாமல் சட்டிக்குள் போனவை எல்லாம் கறியோடு தீர்ந்துவிட்டன.

இங்கே எங்கட வாசகர்களுக்கு ஓர் ஆசை எழும். மிளகின் காலம் முதல் ஹிஜ்ரி நூற்றாண்டைத் தொடுகிறது. கராம்பின் காலம், கொழும்பில் கிடைத்த ஹிஜ்ரி 337 (கி.பி. 948) ஆண்டின் கூபிக் எழுத்து மீசான் கல்லின் காலம். அப்படியென்றால் மாந்தையில் திராட்சை தின்றது அரபு முஸ்லிம்தானே என்று கேட்கத் தோன்றும். இருக்கலாம். ஆனால் அந்த விதையில் அது எழுதியில்லை. விதை எங்கே விளைந்தது என்பதை அதிலுள்ள சமதானிகளின் விகிதம் ஓரளவு காட்டும். தின்றவர் எந்தத் திசை பார்த்துத் தொழுதார் என்பதை எந்தக் கருவியும் காட்டாது. ஆறாம் நூற்றாண்டில் இத்தீவைப் பற்றி எழுதிய கொஸ்மஸ், பாரசீகத்திலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பல்கள் வந்ததாகச் சொல்கிறார். மாந்தை பலரும் கூடிய சந்தை. அந்தப் பலரில் எங்கட முன்னோரும் இருந்தார்கள் என்பதே போதுமான பெருமை.

ஆற்றின் நினைவு

மாந்தைக்கு நெல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆற்றைப் பார்க்க வேண்டும். அரிப்பில் கடலைச் சேரும் அருவி ஆறு மேலே போனால் மல்வத்து ஓயா. அநுராதபுரத்தைத் தொட்டு வருகிறது. அதன் நீரைத் தேக்கத்தில் மறித்துக் கட்டுக்கரைக் குளத்துக்குத் திருப்பிய பழைய அணைக்கட்டு இன்றும் மன்னாரின் வயல்களுக்கு உயிர். குளங்களின் வரலாற்றை மகாவம்சமும் கல்வெட்டுகளும் அரசர் பெயரோடு சொல்லும். குளத்தின் சேறு என்ன சொல்லும்?

ஸ்கொட்லாந்தின் ஸ்டேர்லிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டா கில்லிலன்ட், இயன் சிம்சன் முதலானோர் அநுராதபுரத்தைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தின் கைவிடப்பட்ட குளங்களில் இதைத்தான் ஆராய்ந்தார்கள். அவர்களது கட்டுரை 2013-இல் வந்தது. அவர்கள் பாவித்த முறை ஒளியை அளப்பது. மணலில் உள்ள படிகக்கல் துணுக்குகள் மண்ணுக்குள் புதைந்தபின் சுற்றியுள்ள கதிர்வீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேமிக்கின்றன. வெயில் பட்டால் அந்தச் சேமிப்பு அழிந்துவிடும். ஆகவே மாதிரியை வெயில் படாமல் இருட்டுக் குழாய்க்குள் எடுத்து, ஆய்வுகூடத்தில் ஒளியூட்டி, அது திருப்பிக் கக்கும் ஒளியை அளந்தால், அந்த மணல் கடைசியாகச் சூரியனைக் கண்டது எப்போது என்று தெரியும். அதோடு மண்ணைப் பிசினில் உறைய வைத்து, மெல்லிய சீவலாக்கி, நுண்ணோக்கியில் அடுக்கடுக்காகப் பார்த்தார்கள்.

கிடைத்த விடை இது. குளங்கட்டும் வேலை கி.மு. 400-க்கும் 200-க்கும் இடையில் தொடங்குகிறது. பெரும்பாலும் இயல்பாகவே ஈரம் தங்கும் தாழ்நிலங்களில், ஏற்கெனவே விட்டுவிட்டு ஆட்கள் குடியிருந்து பயிரிட்ட இடங்களில், குளங்கள் எழுகின்றன. கி.பி. 1100-க்கும் 1200-க்கும் இடையில் அவற்றில் பெரும்பாலானவை கைவிடப்படுகின்றன. ஆனால் சனம் முழுவதாக மறைந்துவிடவில்லை; சின்ன அளவில், வீட்டுத் தேவைக்கான பயிர்ச்செய்கை தொடர்கிறது. பேரரசு போன பிறகு மண்ணில் எதுவுமே இல்லை என்று எழுதும் பழக்கத்துக்கு இந்தச் சேறு மறுப்புச் சொல்கிறது.

இப்போது நொக்ஸை நினைத்துப் பாருங்கள். 1679-இல் அவரும் தோழர் ஒருவரும் இந்த ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டே அரிப்புக்கு இறங்கினார்கள். அவர் கண்டது முள்ளும் யானையும் முதலையும் நிறைந்த காடு. நடுவில் செதுக்கிய கற்றூண்கள் கிடந்ததையும் அவர் கவனித்தார். அந்தக் காட்டுக்கு வயது ஐந்நூறு வருஷத்துக்குள்தான். அதற்கு அடியில் வயலும் வரப்பும் குளக்கட்டும் புதைந்து கிடந்தன. காடு என்று தெரிவதெல்லாம் ஆதிக் காடாக இருக்க வேண்டியதில்லை. வயல் என்று தெரிவதெல்லாம் ஆதி வயலும் அல்ல. இந்த வரண்ட பிரதேசத்தில் நிலம் கைமாறுவதைப் போலவே வடிவமும் மாறிக்கொண்டு வந்திருக்கிறது.

சிப்பி ஓடு சொல்லும் பருவம்

முத்துச் சலாபம் வருஷா வருஷம் நடந்ததில்லை. பார்களில் சிப்பி திரண்டால் நடக்கும். இல்லாவிட்டால் பத்து, பதினைந்து வருஷம் கூட வெறுமையாகப் போகும். 1891-க்குப் பிறகு 1903 வரை குளிப்பே நடக்கவில்லை. காரணம் அறியப் பிரித்தானிய அரசாங்கம் 1902-இல் லிவர்பூல் பேராசிரியர் டபிள்யூ. ஏ. ஹேர்ட்மனை வரவழைத்தது. அவரும் ஜேம்ஸ் ஹோர்னெலும் பார்களின் அடித்தளத்தையும் சிப்பியின் உடலையும் ஆராய்ந்தார்கள். இளஞ்சிப்பியை மணல் மூடுவதும், திருக்கை போன்ற மீன்கள் தின்பதும், ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி வளர்வதும் பார் அழியக் காரணங்கள் என்று கண்டார்கள். ஐந்து தொகுதிகளில் வந்த அந்த அறிக்கை, இந்தக் கடலை ஆய்வுகூடக் கண்ணால் பார்த்த ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று. 1905-இல் மரிச்சுக்கட்டி முகாமில் சுமார் எட்டுக் கோடிச் சிப்பி எடுத்தார்கள். கீழக்கரை, காயல்பட்டினத்து ஆட்களோடு பாரசீக வளைகுடா அரபிகளும் அந்த நாட்களில் இந்தக் கரையில் மூச்சடக்கினார்கள். 1906-இல் அங்கே அதிகாரியாக இருந்த லெனார்ட் வூல்ப் தம் வாழ்க்கை வரலாற்றில் அதை எழுதியிருக்கிறார்.

முத்து போன இடம் தெரியும்: பம்பாய், லண்டன், பாரிஸ். ஓடு கரையிலேயே கிடந்தது. அந்த ஓட்டுக்குத்தான் இப்போது மதிப்பு. சிப்பி தன் ஓட்டை அடுக்கடுக்காகக் கட்டுகிறது. அந்த அடுக்குகளில் உள்ள ஒட்சிசனில் பாரமானதும் இலேசானதும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பது அந்த நேரத்துக் கடல்நீரின் சூட்டையும் உப்பையும் பொறுத்தது. ஹரல்ட் யூரி 1947-இல் முன்வைத்த இந்த யோசனை இன்று உலகெங்கும் பழைய காலநிலையை அறியும் முக்கிய வழிகளில் ஒன்று. ஓர் ஓட்டைக் குறுக்காக அறுத்து வரிசையாக மாதிரி எடுத்தால், வாடைக்காற்று மழையில் ஆற்றுநீர் கலந்து கடல் உப்புக் குறைந்த மாதத்தையும், வெயில் மாதத்தையும் தொடர்ந்து வாசிக்கலாம். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். கடல்நீரில் உள்ள காபன் பழசு. ஆகவே சிப்பி ஓட்டின் காபன் வயது நிலத்துத் தானியத்தை விடப் பல நூறு வருஷம் கூடுதலாகக் காட்டும். திருத்தம் செய்யாமல் வயது சொன்னால் ஊரின் பழமை திடீரென்று நானூறு வருஷம் ஏறிவிடும்.

ஓட்டை எரித்துச் சுண்ணாம்பாக்கினால் இந்தக் கதை முடிந்தது. டொறிக் மாளிகையின் வெண்பளிங்கு போன்ற பூச்சு அப்படி எரித்த சிப்பிச் சுண்ணாம்பால் ஆனது. அந்த மாளிகையையும் இப்போது கடல் அரித்துக்கொண்டிருக்கிறது.

பெருக்க மரம் கற்றுத்தரும் பாடம்

மன்னாரில் பள்ளிமுனைப் பெருக்க மரத்தைத் தெரியாதவர் இல்லை. ஒட்டகத் தீனிக்காக அரபிகள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்டார்கள் என்று எங்கட ஆட்கள் சொல்லுவாங்க, பாடப்புத்தகங்களிலும் அப்படித்தான். 2015-இல் கரென் பெல் முதலானோர் ஆபிரிக்கா, இந்தியா, மஸ்கரீன் தீவுகள், மலேசியா ஆகிய இடங்களின் பெருக்க மரங்களின் மரபணுவை ஒப்பிட்டார்கள். இந்தியாவுக்கு இந்த மரம் ஒரே தடவையில் வரவில்லை; நீண்ட காலத்தில் பல தடவை வந்திருக்கிறது. இந்திய மரங்களுக்கு மிக நெருங்கிய சொந்தம் மொம்பாசா - தாருஸ்ஸலாம் கரை. ஆனால் தென்கிழக்கு இந்திய மரங்கள் மேற்கு ஆபிரிக்க வகையைச் சேர்ந்தவை. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர் வலைப்பின்னல் வழியாக வந்தவை என்று அவர்கள் கருதுகிறார்கள். கிழக்கு ஆபிரிக்காவின் சில இடங்களில் மரவகைகள் கலந்திருப்பதற்கு, உள்நாட்டிலிருந்து பிடித்துக் கொண்டுபோன அடிமைகளின் வழித்தடமே காரணமாக இருக்கலாம் என்றும் சொல்கிறார்கள்.

அந்த ஆய்வில் மன்னார் மரங்கள் சேரவில்லை. சேர்ந்தால் அரபிக் கதை உறுதிப்படலாம், உடையவும் செய்யலாம். இரண்டுக்கும் தயாராக இருப்பவருக்கே சோதனை பயன்படும். எங்களுக்குப் பிடித்த விடை வந்தால் விஞ்ஞானம், பிடிக்காத விடை வந்தால் சதி என்று பேசும் சமூகத்துக்கு ஆய்வுகூடம் தேவையில்லை, கதைசொல்லியே போதும்.

காணி உறுதியும் கரிந்த விதையும்

இதெல்லாம் ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு விடை சொல்லியாக வேண்டும். 1990 ஒக்ரோபரில் வடக்கு மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். எருக்கலம்பிட்டியும் சிலாவத்துறையும் மரிச்சுக்கட்டியும் வெறுமையாயின. 2009-க்குப் பிறகு திரும்பி வந்தவர்களின் காணிகள் காடாகிக் கிடந்தன. வெட்டித் துப்புரவாக்கினால் வில்பத்துக் காட்டை அழிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு. இது காடா, ஊரா என்ற கேள்வி அரசியலானது.

இந்த நேரத்தில் பழைய மண்ணை ஆயுதமாக எடுக்கும் ஆசை எல்லாப் பக்கமும் உண்டு. ஒரு பக்கம் செங்கல் துண்டைக் காட்டி இது எங்கட புனிதபூமி என்கிறது. இன்னொரு பக்கம் சிவாலயத்தைக் காட்டுகிறது. நாங்கள் கராம்பையும் கூபிக் கல்லையும் காட்ட நினைக்கிறோம். தொல்பொருள் என்றால் காணி போய்விடும் என்ற பயமும் எங்கட சனத்திடம் இருக்கிறது. 2020-இல் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கு ஜனாதிபதி செயலணி அமைத்தபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. அந்தப் பயம் வெறும் கற்பனையில் பிறந்ததல்ல.

என் கருத்து இதுதான். திரும்பி வந்தவரின் உரிமை 1990-இல் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. அதற்குச் சாட்சி உறுதிப்பத்திரமும் பள்ளிவாசல் பதிவும் கிணற்றடியும் அயலவரின் வாய்ச்சொல்லும். ஆயிரம் வருஷப் பழமை அதற்குத் தேவையில்லை. பழமையில்தான் உரிமை என்று நாங்களே ஒப்புக்கொண்டால், நாளைக்கு எங்களை விடப் பழைய ஓட்டோடு ஒருவர் வருவார். அவருக்கு எழும்பி இடம் விட வேண்டியதுதான். அருவி ஆற்றுச் சேறு காட்டுவதும் இதையே. இந்த நிலத்தில் ஒருவர் மட்டும், ஒரே விதமாக, இடைவிடாமல் இருந்த காலம் இல்லை. கராம்பைக் காணி வழக்கிலிருந்து விடுவித்தால் மட்டுமே அது வரலாறு பேசும்.

அதற்காக மண்ணைக் கைவிடச் சொல்லவில்லை. அத்திவாரம் வெட்டும்போதோ கிணறு தோண்டும்போதோ சாம்பல் படையோ சிப்பிக் குவியலோ வந்தால், பானையோட்டைப் பொறுக்கி எடுத்து மண்ணை வீசாதீர்கள். மண்ணிலிருந்து பிரிந்த ஓடு வெறும் ஓடு. எந்த ஆழத்தில், எதோடு கிடந்தது என்பதில்தான் அதன் வரலாறு இருக்கிறது. ஆகவே நிறுத்திப் படம் எடுங்கள். ஆழத்தைக் குறித்து வையுங்கள். 1940-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அறிவிப்பது கடமை. அதை ஊர் கூடி, எழுத்தில், பிரதி வைத்துக்கொண்டு செய்தால் பயமும் குறையும்.

அதைவிடப் பெரிய தேவை ஆட்கள். வரலாறும் அரபும் படிக்கும் பிள்ளைகள் எங்களிடம் நிறைய. மகரந்தமும் சமதானியும் மண்படையும் படிப்பவர் மிகக் குறைவு. அருவி ஆற்று முகத்தின் சதுப்பில் ஒரு குழாயை இறக்கினால் சில ஆயிரம் வருஷச் சேறு தொடராக வரும். கடல் எப்போது உள்ளே வந்தது, ஆறு எப்போது வெள்ளம் கொண்டுவந்தது, மேலே குளங்கள் உடைந்த காலத்தில் கீழே என்ன படிந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தக் குழாயை என்றைக்காவது யாராவது இறக்கத்தான் போகிறார்கள். அதைத் திறந்து படிக்கும் மேசையைச் சுற்றி நிற்பவர்களில் அரிப்பிலிருந்து ஒரு பிள்ளையும் சிலாவத்துறையிலிருந்து ஒரு பிள்ளையும் இருக்க வேண்டும். அதற்கான படிப்பை இப்போதே தொடங்கினால்தான் முடியும்.